பின்னோக்கிப் பார்த்த வாத்து

மார்ச் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. காலை முதலே வானம் மூடியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கிய தூறல் வலுப்பதாகவும் இல்லை, விடுவதாகவும் இல்லை. காற்று சிறிதும் இல்லாமையால் தெருவில் சென்ற குடைகள் அனைத்தும் நேராக நிமிர்ந்தே சென்றன.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இவ்விவரங்களை ஒரு சிறிய அட்டையில் குறித்துக்கொண்டார். தேதியையும் வானிலையையும் எழுதிய பிறகே அன்றைய வேலையைப் பற்றி எழுதுவது அவருடைய வழக்கம். கடையின் பின்னறையில் இருந்து வில்லை தேய்க்கும் இயந்திரத்தின் ஓசை வந்துகொண்டிருந்தது. அதை இயக்கியவர் அவருடைய மனைவி. கண்ணைச் சோதிப்பது கணவர் பாடு, வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது மனைவி பாடு என்று இருபத்தாறு ஆண்டுகளாக அக்கடை நடந்து வந்தது.

அதே பின்னறையின் சுவரோரம் ஒரு மர அலமாரி நின்றது. முற்காலத்தில் வில்லைகளை அடுக்குவதற்காகச் செய்யப்பட்ட தட்டையான இழுப்பறைகள் இருபத்துமூன்று அதில் இருந்தன. இப்பொழுது அவற்றில் இருந்தவை பழைய நகைகள்.

"ஊர்ல எல்லாரும் நகையைப் பொண்டாட்டிக்கு வாங்குவாங்க. எங்க வீட்டுக்காரர் இழுப்பறைக்கு வாங்குவார்" என்று மனைவி வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. வேறொருத்தி வியர்வை பட்ட வளையலைத் தம் கையில் போட்டுக்கொள்ள அவருக்கு விருப்பமும் இல்லை.

கண்ணாடிக்காரருக்கோ அந்த வியர்வைதான் நகை. புதிய மோதிரத்தைத் தராசில் வைத்தால் அதைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும். பழைய மோதிரம் அவ்வளவு எளிதில் பிடி கொடுக்காது. நான்காம் இழுப்பறையில் இருந்த மோதிரம் இருமுறை வெட்டப்பட்டுப் பெரிதாக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருத்தியின் விரல் மெலிந்த பருவமும் பருத்த பருவமும் அந்த இரண்டு ஒட்டுகளில் அடங்கியிருந்தன. ஒன்பதாம் இழுப்பறையில் இருந்த சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் பித்தளை. தங்கத்துக்கு வழியில்லாத ஏதோ ஓர் ஆண்டில் அறுந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் இழுப்பறையில் திறந்து மூடும் பதக்கம் ஒன்று. கீல் தளர்ந்து ஆடும் அளவுக்கு அதை எவரோ திறந்து திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே படம் இல்லை. இவற்றை அவர் மெருகிட்டதில்லை, பழுது பார்த்ததில்லை, ஒருவர் கழுத்திலும் போட்டுப் பார்க்க விட்டதில்லை. கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, தேய்மானங்களை ஆராய்ந்து, தாம் ஊகித்ததை அட்டையில் எழுதி உடன் வைப்பார். அவ்வளவே.

பதினேழாம் இழுப்பறை அவருடைய தீராத குறை. அதில் ஓர் ஒற்றைத் தோடு இருந்தது. தங்கத்தில் ஒரு வாத்து. சிறகில் பச்சை எனாமல், கண்ணுக்கு ஒரு சிவப்புக் கல். வாத்தின் அலகு முகத்தை நோக்கி அமைய வேண்டுமாயின் அதை இடக்காதில்தான் அணிய வேண்டும். அதன் அருகில் வெல்வெட்டில் இன்னொரு குழியும் வெட்டி வைத்திருந்தார். அக்குழி பதினோர் ஆண்டுகளாகக் காலியாகவே கிடந்தது.

இணையைத் தேட அவர் எடுத்த முயற்சி கொஞ்சநஞ்சம் அன்று. தம் தோட்டை நிலைக்கண்ணாடியின் முன் பிடித்து, அதில் தெரிந்த எதிர் உருவத்தை வரைந்தார். வலக்காதுக்கு உரிய வாத்து எவ்வாறு இருக்குமோ அவ்வாறே அப்படம் அமைந்தது. அதைப் படிகள் எடுத்துப் பழம்பொருள் வணிகர்கள் அனைவருக்கும் கொடுத்தார். படத்தின் கீழ், "இதற்கு மாறானவை வேண்டா" என்று எழுதி அடிக்கோடும் இட்டார். வணிகர்கள் அவருக்கு 'வாத்துக்காரர்' என்று பெயர் சூட்டியதுதான் கண்ட பலன். நகை சேர்ப்போர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியிலும் அத்தோட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. "ஒத்தைச் செருப்பைக் காட்சிக்கு வெப்பாங்களா சார்?" என்று செயலாளர் கேட்டுவிட்டார். அன்று முதல் அவ்விணை கிடைத்தால் போதும், வேறு நகையே வேண்டாம் என்னும் நிலைக்கு அவர் வந்திருந்தார்.

நான்கு மணிக்குச் சற்றுப் பின் கதவு திறந்தது. நகரப் பேருந்து ஓட்டுநரின் சீருடையில் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம்.

"சார், லைசென்ஸ் புதுப்பிக்கணும். கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்க."

"பார்க்காமலேயா?"

"நல்லாத்தான் சார் இருக்கு. தூரத்துல வர்ற பஸ் நம்பரைச் சொல்லிடுவேன். டிக்கெட்ல இருக்கிற எழுத்துதான் எறும்பு மாதிரி ஊருது."

"எறும்பை நிறுத்திடலாம். உட்காருங்கம்மா."

அவர் நாற்காலியில் அமர்ந்தார். கண்ணாடிக்காரர், வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதற்கான கனத்த வட்டச் சட்டத்தை எடுத்து அவர் மூக்கின் மீது வைத்தார். அச்சட்டத்தின் கொக்கிகளைச் சோதிப்பவரே காதுகளின் பின்னால் மாட்ட வேண்டும். இடக்காதில் ஒரு சிறிய வெள்ளைக் கல் இருந்தது. வலக்காதில் கொக்கியை மாட்டக் குனிந்த கண்ணாடிக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

அங்கே ஒரு வாத்து இருந்தது. பச்சைச் சிறகு, சிவப்புக் கண்.

மறுகணமே உற்சாகம் வடிந்தது. வாத்து பிடரியை நோக்கிக்கொண்டிருந்தது. வலக்காதுக்கு உரிய தோடாக இருந்தால் அது முகத்தை அல்லவா நோக்க வேண்டும்? இதுவும் இடக்காதுத் தோடே. இதே அச்சில் வார்த்த வேறொரு சோடியைச் சேர்ந்ததை இப்பெண்மணி காது மாற்றிப் போட்டிருக்கிறார் என்று முடிவு செய்தார்.

"தோட்டைக் காது மாத்திப் போட்டிருக்கீங்கம்மா. வாத்து பின்னாடி பார்க்குது."

ஓட்டுநர் சிரித்தார். "அது அப்படித்தான் சார் பார்க்கும். அதுக்குன்னு சரியான காதே கிடையாது. இது எங்கம்மாவோடது. ரெண்டு வாத்து இருந்துச்சு, ரெண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கும்."

"சோடின்னா எதிரெதிரா இல்ல இருக்கணும்?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சாம். கல்யாணமான புதுசுல வலது காதுத் தோடு எங்கேயோ விழுந்திடுச்சு. அப்பா இடது காதுத் தோட்டை எடுத்துட்டுப் போய், நகை செய்றவர்கிட்ட 'இதே மாதிரி ஒண்ணு பண்ணுங்க'ன்னு குடுத்திருக்கார். அவரும் இதே மாதிரியே பண்ணிட்டார்! அப்பா வீட்டுக்கு வந்து அம்மா காதுல போட்டப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுதாம். அம்மா மாத்த விடல. 'ஒண்ணு போற வழியைப் பார்க்கட்டும், இன்னொண்ணு பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்க்கட்டும்'னுட்டாங்க. நான் பஸ் ஓட்ட வந்தப்போ, 'பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி எனக்கு அப்பவே காதுல இருந்துச்சுடி'ன்னு ஒரே கேலி."

கண்ணாடிக்காரர் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார். பிறகு காரணமின்றி அணைத்தார். வலக்காது வாத்து என்ற ஒன்று இவ்வளவு காலமும் உலகத்தில் இல்லாமலேயே இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் வந்தது.

"கொக்கி தோட்டுல இடிக்குது. கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா? பத்திரமா உள்ள வைக்கிறேன்" என்றார். கொக்கி எங்கும் இடிக்கவில்லை.

பின்னறைக்குச் சென்று பதினேழாம் இழுப்பறையைத் திறந்தார். இரண்டு தோடுகளையும் உள்ளங்கையில் வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணில் செருகிக்கொண்டார். அவருடைய வாத்தின் சிறகில் குறுக்காக ஒரு கீறல் உண்டு. எதன் மீதோ உரசியதால் ஏற்பட்ட, ஒழுங்கற்ற கீறல் அது. ஓட்டுநரின் வாத்தின் சிறகிலும் அதே இடத்தில் அதே சாய்வில் ஒரு கோடு இருந்தது. ஆனால் அது உளியால் ஒழுங்காகச் செதுக்கப்பட்ட கோடு. நகல் செய்தவர் காயத்தையும் இறகு என்று எண்ணிச் செதுக்கியிருக்கிறார். ஐயத்துக்கு இடமே இல்லை. அவர் பதினோர் ஆண்டுகளாகத் தேடிய இணை அவருடைய உள்ளங்கையில் கிடந்தது.

அவரிடம் இருப்பது மூலம். ஓட்டுநரிடம் இருப்பது நகல். ஒரு தவறினால் சோடியான இப்படிப்பட்ட இரு தோடுகள் எந்தச் சங்கத்துக் கண்காட்சியிலும் இருந்ததில்லை. செயலாளர் மூக்கின் மேல் விரலை வைப்பார். காதும் காதும் வைத்தாற்போல் இதை விலைக்குக் கேட்டுவிட்டால் என்ன? காதில் கிடப்பது என்றேனும் விழுந்து தொலையும். இழுப்பறையில் இருப்பது தொலையாது. இவ்வாறு தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டார்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு?" என்றார் மனைவி, இயந்திரத்தை நிறுத்தாமலேயே.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லித் தம் வாத்தை உள்ளே வைத்து மூடிவிட்டு வெளியே வந்தார்.

சோதனை தொடர்ந்தது. வில்லைகளை மாற்றினார். மேல் வரி தெளிவு, கீழ் வரி தெளிவு. கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு அவர் நான்கு வில்லைகள் வரை காத்திருந்தார்.

"இந்தத் தோட்டைக் குடுக்கிற எண்ணம் உண்டாம்மா? நான் பழைய நகை சேர்க்கிறவன். நல்ல விலை தருவேன்."

"இல்ல சார்" என்றார் ஓட்டுநர், யோசிக்காமல். "எனக்கு இதைப் போட்டுக்கிட்டே திரியணும். சிக்னல்ல தினமும் நானூறு, ஐந்நூறு வண்டி என் ஜன்னலோரம் வந்து நிக்குது. எல்லாரும் என் வலது காதைத்தான் பார்த்தாகணும். என்னிக்காவது ஒருத்தர், 'இதே மாதிரி ஒண்ணு பார்த்தேனே'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை."

"இன்னொண்ணு எப்படிப் போச்சு?"

"அம்மாவோட சால்வையைச் சலவைக்குப் போட்டேன். பன்னெண்டு வருஷம் இருக்கும். தோடு சால்வையில சிக்கிக்கிட்டுப் போயிருக்கணும். கடையில கேட்டா 'பார்க்கல'ன்னுட்டாங்க. அப்புறம் கடையையே மூடிட்டாங்க. அம்மா 'போனா போகுது'ன்னாங்க. எங்கக்காதான் நம்பல. அப்போ எனக்குக் கொஞ்சம் கஷ்டகாலம் சார். நான் வித்துட்டேன்னு அவளுக்கு நினைப்பு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஆனா அன்னியிலிருந்து எங்க வீட்டுக்கு வந்தா, கிளம்புற வரைக்கும் கைப்பையை மடியிலயே வெச்சிருப்பா. சாப்பிடும்போதுகூட."

கண்ணாடிக்காரர் ஒரு வில்லையைத் துடைத்தார். அது முன்பே துடைத்த வில்லை.

"நானும் தேடாம இல்ல" என்று ஓட்டுநர் தொடர்ந்தார். "எட்டு வருஷம் முன்னாடி ஞாயித்துக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ஒரு பழம்பொருள் கடையில வாத்துப் படம் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. எனக்குப் படபடன்னு வந்திடுச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா, அந்த வாத்து எதிர்ப்பக்கம் பார்க்குது. கீழ வேற 'மாறானவை வேண்டா'ன்னு பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கு. சரி, இது நம்மளது இல்லைன்னு கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம வந்துட்டேன்."

சோதனை முடிந்தது. ஓட்டுநர் தோட்டை வாங்கி, நிலைக்கண்ணாடியின் உதவி இன்றியே காதில் திருகிக்கொண்டார். மலிவான ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். கண்ணாடி வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். ஓட்டுநர் தலையசைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

கண்ணாடிக்காரர் பற்றுச்சீட்டில் தேதியை எழுதினார். எழுத்து அவருடையது. வாத்துப் படத்தின் கீழ் எழுதிய வரியிலும் அதே சாய்வு, அதே அழுத்தம். அடிக்கோடு இடும் பழக்கம் உள்ள கை. நகைகளின் கீறலையும் தேய்மானத்தையும் வைத்து, முகம் அறியாத மனிதர்களைப் படித்துவிடுவதாக அவர் பெருமை கொண்டிருந்தார். கையில் இருந்த வாத்தை அப்படியே வரைந்திருந்தால் போதும். ஒரு சோடி எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்துக்கொண்டு, இல்லாத ஒன்றை வரைந்து ஊரெல்லாம் ஒட்டினார். வாசல் வரை வந்தவரை அந்தப் படமே திருப்பி அனுப்பியிருக்கிறது.

ஓட்டுநரின் ஒரு கால் படியில் இருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். சோதனை முடியல."

"இன்னும் என்ன சார்? ஆறு மணிக்கு வண்டி எடுக்கணும்."

"கிட்டத்து எழுத்து பார்க்கணும். எறும்பு நின்னுச்சான்னு தெரிய வேண்டாமா? உட்காருங்க."

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே அமர்ந்தார். கண்ணாடிக்காரர் சட்டத்தை மீண்டும் மாட்டினார். பின்னறைக்குச் சென்று, பதினேழாம் இழுப்பறையில் இருந்த அட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இதைச் சத்தமாப் படிங்க."

"எண் பதினேழு" என்று ஓட்டுநர் பள்ளிப்பிள்ளையைப் போல் படிக்கத் தொடங்கினார். "ஒற்றைத் தோடு. தங்கம். பச்சை எனாமல் இட்ட சிறகுடைய வாத்து. கண்ணுக்குச் சிவப்புக் கல். கிடைத்த இடம், மூடப்பட்ட சலவைக்கடையின் ஏலத்தில்…"

குரல் நின்றது. வில்லை இயந்திரமும் நின்றது. மனைவி பின்னறை வாயிலில் வந்து நின்றார்.

கண்ணாடிக்காரர் இழுப்பறையை முழுவதுமாகக் கழற்றிக் கொண்டுவந்து மேசை மீது வைத்தார். "அந்தப் படம் நான் வரைஞ்சதும்மா" என்றார்.

ஓட்டுநர் தோட்டைத் தொடவில்லை. கனத்த சட்டத்தின் வழியே அதையே வெகுநேரம் பார்த்தார்.

"நான் அந்தப் படத்தைப் பார்த்தது எட்டு வருஷம் முன்னாடி" என்றார் மெல்ல. "எங்கம்மா போனது ஆறு வருஷம் முன்னாடி. நடுவுல ரெண்டு வருஷம் இருந்துச்சு சார்."

மனைவி வந்து ஓட்டுநரின் அருகில் இருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

பிறகு ஓட்டுநர் அட்டையைத் திருப்பினார். அதன் பின்புறத்தில் கண்ணாடிக்காரரின் ஊகங்கள் இருந்தன. அவற்றையும் படித்தார். "வாத்தின் தலையும் மார்பும் மழுங்கித் தேய்ந்துள்ளன. அணிந்தவர் இடப்பக்கம் சாய்ந்து உறங்கும் பழக்கம் உடையவர்." அவர் நிமிர்ந்தார். "இல்ல சார். அம்மா மல்லாந்துதான் தூங்குவாங்க, குறட்டை தெருவுக்கே கேக்கும். அவங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. முப்பத்தொரு வருஷம் இடது காதுலதான் போனை வெச்சுப் பேசினாங்க. அது தேய்ச்சது."

கண்ணாடிக்காரர் அட்டையை வாங்கி, தம் வாக்கியத்தை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினார். அலமாரியில் இருந்த அத்தனை அட்டைகளிலும் இப்படி எத்தனை உறக்கங்களைத் தாம் இட்டுக்கட்டியிருக்கிறோமோ என்று ஒரு கூச்சம் அவருக்குள் ஓடியது. எனினும் முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு குரல் மாற்றி ஒரு குரலாகத் தங்கத்தைத் தேய்த்திருக்கிறது என்பதை அறிந்தபோது, அத்தோடு தம் கையை விட்டுப் போகும் அந்நேரத்தில்தான் அதை முதன்முதலாகக் கண்டதுபோல் இருந்தது.

"எடுத்துக்கோங்கம்மா."

"நான் என்ன தரணும்?"

"சால்வைக்குச் சலவைக்கூலி அப்பவே குடுத்திருப்பீங்களே. அது போதும்."

"கூலி அதிகம்தான் சார், பன்னெண்டு வருஷம்" என்றார் ஓட்டுநர். அதில் சிரிப்பு பாதிதான் இருந்தது. வெள்ளைக் கல்லைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இடக்காதில் வாத்தைத் திருகினார். மனைவி நிலைக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தார். ஒரு வாத்து முன்னால் பார்த்தது. மற்றொன்று பின்னால் பார்த்தது.

ஓட்டுநர் அங்கேயே அலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். அவர் அதைக் காதோடு ஒட்டாமல் மேசை மேல் வைத்தமையால் மூவருக்கும் கேட்டது.

"அக்கா, அம்மாவோட வாத்து கிடைச்சிடுச்சு."

மறுமுனையில் "எந்தப் பக்கம் பார்க்குது?" என்று ஒரு குரல் கேட்டது.

"ரெண்டும் ஒரே பக்கம்தான்."

மூக்கை உறிஞ்சும் ஓசை. "எங்கடி இருந்துச்சு?"

"சலவைக்கடையிலதான். நான் சொன்னேன்ல."

"ம்" என்றது குரல். "ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"வா. பையை எங்க வேணா வெச்சுக்கோ."

"போடி இவளே" என்று சொல்லி அக்காள் வைத்துவிட்டார்.

ஓட்டுநர் புறப்படுமுன் கண்ணாடிக்காரர் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டார். ஓட்டுநர் மேலும் சில நிமிடங்கள் அமர்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் ஒரு வெள்ளைத் தாளில் இரு காதுகளையும் வரைந்தார். நிலைக்கண்ணாடியைப் பயன்படுத்தவில்லை.

"இந்தத் தடவையாவது உள்ளதை உள்ளபடி வரைஞ்சீங்களா?" என்று மனைவி எட்டிப் பார்த்தார்.

"நீயே பாரு."

"கழுத்து கொஞ்சம் கோணல். வாத்து சரியா இருக்கு."

ஓட்டுநர் குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கண்ணாடிக்காரர் அப்படத்தையும் திருத்திய அட்டையையும் இரண்டு காலிக் குழிகளின் மீது வைத்தார். அட்டையின் கடைசி வரியாக, "உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதினார். அடிக்கோடு இடப் போன கையை நிறுத்திக்கொண்டு, சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து நேரத்தைக் குறித்தார்.

மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.